ஒரு ஞாயிறும் நான்கு சனிகளும்

பார்க்டேலில், பாதி நாள் லிஃப்ட் ஓடாத அந்த உயரமான கட்டடங்களில் என்னோடு வளர்ந்தவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? பாடம் படித்தோம், தேவாரம் பாடமாக்கினோம் என்று உங்கள் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருப்பீர்கள். என்னிடம் அந்தக் கதை வேண்டாம். உங்கள் வீட்டுக் கதவடியில் நின்றாலே மணி அடிக்கும் சத்தமும் சனம் கூவும் சத்தமும் வெளியே கேட்டன.

நான் சொல்வது நமது உள்ளூர்ச் சேனலில் போன மல்யுத்த நிகழ்ச்சியை. வெடியும் புகையுமாக வந்த அமெரிக்க மல்யுத்தம் அல்ல, அது வேறு. நம்முடையதில் ஒரு மேடை, மூன்று கயிறு, சனம் இருக்க மடக்குக் கதிரைகள், ஒரு அறிவிப்பாளர், அவ்வளவுதான். இடையில் ஒரு கம்பளக் கடையின் விளம்பரம் வரும். விளம்பரத்தில் கம்பளத்தை விரித்துக் காட்டுகிறவரும் அதே அறிவிப்பாளர். சில குளிர்காலங்கள் ஓடிவிட்டு, ஒரு சனிக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது.

அதன் வரலாற்றை ஒரு ஆராய்ச்சி மாணவி இப்போது சேகரித்துக்கொண்டிருக்கிறாள். பழைய நாடாக்களின் மேலேயே சமையல் நிகழ்ச்சியையும் காலநிலை அறிக்கையையும் பதிவு செய்துவிட்டார்களாம். ஒரு வாரம்கூட மிஞ்சவில்லை. இணையத்தில் அவள் போட்டிருப்பது மூன்றே வரி. அதில் இரண்டு பிழை. நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள் என்று கீழே கேட்டிருந்தாள்.

நான் எழுத உட்கார்ந்ததைக் கண்டு என் மகள் சிரித்தாள். “அம்மா, இட் வாஸ் ஆல் ஃபேக் எனிவே. ஏன் டைம் வேஸ்ட் பண்ணுறீங்க?” என்றாள்.

சண்டை பொய்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டில் ஒரு மனிதனை வெளியே போகச் சொன்னது பொய் இல்லை. நேரில் பார்த்தவர்களில் நானும் ஒருத்தி. ஐம்பதைத் தாண்டி இடுப்பு பிடித்துக்கொண்டாலும் இதை முடிக்காமல் எழும்பப் போவதில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. மட்டக்களப்பிலிருந்து இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவின் தம்பியான சித்தப்பா, நான். அறை ஒன்று. சித்தப்பா ஹாலில் படுப்பார். டிவியை யாரோ குப்பை அறைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போக, சித்தப்பாதான் தூக்கி வந்தார். சேனல் மாற்றும் திருகு அதில் இல்லை. குறட்டால் பிடித்துத் திருப்ப வேண்டும். அந்தக் குறடு சிவப்புக் கைப்பிடியுடன் எப்போதும் டிவியின் தலையிலேயே கிடக்கும். வீடு மாறும்போது டிவியோடு அதுவும் போய்விட்டது. இன்றைக்கும் யார் வீட்டிலாவது குறட்டைக் கண்டால் எனக்குக் கை துருதுருக்கும்.

அப்பா நகர மையத்தில் ஒரு ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவினார். அம்மா அலுவலகங்கள் துப்புரவாக்கினார். சித்தப்பாவுக்கு மெத்தைத் தொழிற்சாலையில் வேலை. ஒரு சனி வேலை என்றால் அடுத்த சனி ஓய்வு. ஓய்வுச் சனிகளில் அப்பாவும் அம்மாவும் நிலக்கீழ் அறைக்கு உடுப்புத் தோய்க்கப் போனதும் நாங்கள் இருவரும் குறட்டை எடுப்போம்.

எங்கள் வீரன் மரவெட்டி. சிவப்புக் கட்டம் போட்ட சட்டையோடு வருவான், சட்டையைக் கழற்றி முன்வரிசைப் பிள்ளை ஒன்றிடம் கொடுத்துவிட்டுத்தான் மேடை ஏறுவான். எங்கள் எதிரி பிரபு. பட்டு அங்கி, கையில் முகம் பார்க்கும் கண்ணாடி. வெற்றிப் பட்டி அவன் இடுப்பிலேயே இருந்தது. ஒவ்வொரு முறையும் ஏதாவது கள்ள வேலை செய்து அதைக் காப்பாற்றிவிடுவான். எனக்கு அவன்மேல் அப்படி ஒரு கோபம் வரும்.

அப்பாவுக்கு நிகழ்ச்சியே பிடிக்காது. “அடிதடிக்குப் பயந்து கடல் தாண்டி வந்த நாங்க. இங்கயும் வந்து அதையா பார்க்கிற?” என்பார். ஒருநாள் அவர் நேரத்தோடு திரும்பி வந்தபோது, நான் சோபாவில் ஏறித் தலையணை மேல் பாய்ந்துகொண்டிருந்தேன். கீழ்மாடிக்காரர் கூட்டுகிற தும்புத்தடியால் தன் கூரையில் இடித்துக்கொண்டிருந்தார். அன்று அம்மா என்னை இழுத்துத் தன் முன்னால் நிறுத்தி, என் கையை எடுத்துத் தன் உச்சந்தலையில் வைத்தார்.

“இனி டிவியில ரெஸ்லிங் பார்க்கமாட்டன் எண்டு என்ட தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு.”

பண்ணினேன். இந்தச் சத்தியத்தின் கனம் உங்களுக்குத் தெரியும். மீறினால் அந்தத் தலைக்குரியவர் செத்துப்போவார் என்று பிள்ளைகள் எல்லோரும் நம்பினோம். பெரியவர்களும், நாங்கள் நம்பட்டும் என்றுதான் விட்டார்கள்.

ஒரு மாதம் தாக்குப்பிடித்தேன். பிறகு சித்தப்பா ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு ரிக்கெற்றோடு வந்தார். மெத்தைக்கு ஆணி அடிக்கும் மேசையில் அவருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர் வேறு யாருமல்ல, பிரபு. மிகவும் சாதுவான மனிதராம், மத்தியானம் தன் சாப்பாட்டில் பாதியைச் சித்தப்பாவுக்குக் கொடுப்பாராம். ஞாயிறு பின்னேரம் நடக்கும் பதிவுக்குக் கதிரைகளை நிரப்ப ஆள் வேண்டும் என்று அவர்தான் ரிக்கெற் கொடுத்தார்.

“நீ சத்தியம் பண்ணினவள்” என்றார் சித்தப்பா.

“டிவியில பார்க்கமாட்டன் எண்டுதான் பண்ணினன். இது நேர்ல.”

சித்தப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போனால் என்னைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. “வீட்டில வாய் துறக்கப்படாது, மகள். துறந்தா ரெண்டு பேரும் துலைஞ்சம்” என்று சொல்லி, அம்மாவின் சிவப்புச் சால்வையை என் தலையில் சுற்றிக் கட்டினார். தேவாலயத்தில் இலவசமாகக் கிடைத்த தன் சாம்பல் நிற ஜாக்கெட்டை அவர் போட்டுக்கொண்டார்.

தெருவில் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ட்ரீட்காரில் போனோம். அது ஒரு பனிச்சறுக்கு அரங்கு. பனிக்கட்டிமேல் பலகை பரப்பி, அதன்மேல் மேடையும் கதிரையும் போட்டிருந்தார்கள். கால் வழியாகக் குளிர் ஏறியது. பொப்கோர்ன் மணமும் வியர்வை மணமும் சேர்ந்து வந்தன. எங்களுக்கு இரண்டாம் வரிசை. முன்னால் ஒரு வெள்ளைக்காரக் கிழவி பச்சைக் குடையோடு இருந்தார். பிரபு வந்தால் குடையை நீட்டி அவர் முதுகில் குத்துவார். பிரபு அலறுவார். அலறிக்கொண்டே சித்தப்பாவைப் பார்த்துக் கண்ணடித்தார்.

கமெராவில் சிவப்பு விளக்கு எரிந்தால் படம் பிடிக்கிறது என்று சித்தப்பா சொல்லிவைத்திருந்தார். விளக்கு எங்கள் பக்கம் திரும்பும்போதெல்லாம் நான் சப்பாத்துக் கயிறு கட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். இன்னொன்றையும் கவனித்தேன். அறிவிப்பாளர் சிறிது நேரத்துக்கு ஒருமுறை திரைக்குப் பின்னால் போய் வேறு கோட்டும் வேறு டையும் போட்டுக்கொண்டு வந்தார். பின்னேரம் முழுவதிலும் நான்கு கோட்டு. பாவம், எதையாவது மேலே ஊற்றிக்கொள்கிறார்போல என்று நினைத்தேன்.

கடைசிச் சண்டை மரவெட்டிக்கும் பிரபுவுக்கும், பட்டிக்காக. அதில் எனக்குக் கமெரா மறந்துபோனது. கதிரைமேல் ஏறி நின்றேன். சால்வை கழுத்தில் சரிந்து கிடக்க, தொண்டை கட்டும்வரை கத்தினேன். சிவப்பு விளக்கு நேரே என் முகத்தில் நின்றதைச் சித்தப்பா கண்டிருக்கிறார். அவரும் எழும்பி நின்று கத்திக்கொண்டிருந்ததால் என்னை இறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விடியத் தொலைபேசி அடித்தது. ஊரிலிருந்த பெரியப்பா, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவர், இறந்துபோனார் என்று செய்தி. அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். சித்தப்பா குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். அப்பா அழவில்லை. தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நான் கட்டிலில் இருந்து கணக்குப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை சத்தியம் மீறினேன். செவ்வாய்க்கிழமை சாவு வந்துவிட்டது. அம்மாவைத் தேடி வந்த சாவு தலை மாறிப் பெரியப்பாவிடம் போய்விட்டது. டிவி வேறு, நேர் வேறு என்ற என் வாதம் அங்கே எடுபடவில்லை என்று விளங்கிக்கொண்டேன். பெரியப்பாவைக் கொன்றது நான். பத்து வயதில் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

எட்டாம் நாள் சடங்கை, எட்டு என்போமே, அதைச் சனிக்கிழமை வைத்தார்கள். வேலை நாளில் யாருக்கும் வர முடியாது. சித்தப்பாவுக்கு அன்று வேலைச் சனி. எவ்வளவோ கெஞ்சியும் விடவில்லை. “நாலு மணிக்கு வந்திருவன், அண்ணன்” என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் டிவிக்குத் துணி போட்டு மூடியிருந்தது. வந்த பிள்ளைகளை எல்லாம் எதிர்வீட்டு அன்ரியின் வீட்டில் விட்டார்கள். அன்ரி யாழ்ப்பாணத்துக்காரர், உதவிக்கு முதல் ஆளாக வருவார், விடுப்புக்கும், அதாவது ஊர் வம்புக்கும், அப்படித்தான்.

ஒரு மணிக்கு அன்ரியின் மகன் டிவியைப் போட்டான். நான் சுவர்ப்பக்கம் திரும்பி இருந்தேன். பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட வந்த அன்ரி வாசலில் நின்றுவிட்டார்.

“உது உன்ர சித்தப்பா எல்லே?”

திரும்பினேன். சாம்பல் ஜாக்கெட், ஒரு கையில் பொப்கோர்ன், மற்றக் கையை உயர்த்திக்கொண்டு, பல் எல்லாம் தெரியச் சிரிக்கிறார். அறிவிப்பாளர் தொண்டை கிழிய ஏதோ கத்துகிறார். பார்த்தால் அந்த நிமிடமே நடப்பது போலத்தான் இருந்தது. அன்ரி கரண்டியோடு எங்கள் வீட்டுக்கு ஓடினார்.

நாலு மணிக்குச் சித்தப்பா வேலை உடுப்போடு வந்தார். படையலுக்கென்று பெரியப்பாவுக்குப் பிடித்த கதலி வாழைப்பழத்துக்கு எங்கெங்கோ அலைந்து, அதுபோல ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி வந்திருந்தார். அப்பா கதவடியிலேயே மறித்தார். வந்தவர்கள் பாதிப் பேர் இன்னும் ஹாலில் இருந்தார்கள்.

“எங்க போன நீ?”

“வேலைக்கு, அண்ணன்.”

“அப்ப ஒரு மணிக்கு டிவியில நிண்டு சிரிச்சது ஆர்?”

“ரீவியில நான் என்ர கண்ணால கண்டனான், தம்பி. மறைக்காதையும்” என்றார் அன்ரி.

சித்தப்பாவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் தெளிந்தது. “அது முதலே எடுத்தது. அண்ணன் மோசம் போன செய்தி வர முதல். போன ஞாயித்துக்கிழமை பின்னேரம்.”

“ஞாயித்துக்கிழமை பின்னேரமா?” அப்பாவின் குரல் தாழ்ந்தது. “ஞாயித்துக்கிழமை நீ புள்ளையோட வீட்டில எல்லோ இருந்த?”

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றேன். என்னைத் தனியே விட்டுப் போனதாகச் சொன்னால் பெரிய குற்றம். கூட்டிப் போனதாகச் சொன்னால் என் சத்தியம் சந்திக்கு வரும். அவர் வாழைப்பழத்தைச் சப்பாத்து அலுமாரிமேல் வைத்தார்.

“பொய்யும் சொல்லுறான்” என்றார் அப்பா. “சொந்த அண்ணன்ட எட்டுக்கு வராம கூத்துப் பார்க்கப் போனவன் எனக்குத் தம்பியில்ல. போ.”

நாங்கள் எல்லோரும் அப்போது புதிதாக வந்தவர்கள். டிவியில் ஆட்கள் கத்துகிறார்கள் என்றால் அந்த நேரம் கத்துகிறார்கள் என்றே எடுத்துக்கொண்டோம். படத்துக்கு நடிக்கிறார்கள் என்று தெரியும். சண்டைக்கும் சனத்துக்கும் அப்படி ஒரு முன்னேற்பாடு இருக்கும் என்று அந்த ஹாலில் இருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. நேரில் போய் இருந்த எனக்கே பாதிதான் விளங்கியது, அதைச் சொல்லவும் பயம். சித்தப்பா ஒரு பையோடு படியிறங்கிப் போனார்.

இரண்டாம் சனி. “உவர் இண்டைக்கும் நிக்கிறாரோ எண்டு பாப்பம்” என்று அன்ரியே டிவியைப் போட்டுவிட்டு என்னையும் கூப்பிட்டார். உடைந்த சத்தியம் இன்னொரு தரம் உடையாது என்று எனக்குள் சொல்லிக்கொண்டு போனேன். சித்தப்பா நின்றார். அதே ஜாக்கெட், அதே பொப்கோர்ன் பெட்டி. முன்னால் அதே கிழவி, அதே பச்சைக் குடை. ஆனால் அறிவிப்பாளர் மட்டும் வேறு கோட்டில் இருந்தார். எனக்கு அங்கேயே பிடரியில் அடித்த மாதிரி விளங்கியது. அவர் மேலே எதையும் ஊற்றிக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிறு பின்னேரத்தை நான்காக வெட்டி நான்கு சனிக்கிழமைக்குக் காட்டுகிறார்கள். கோட்டு மாறினால் கிழமை மாறிவிட்டது, அடுத்த வாரம் வந்துவிட்டது என்று நாங்கள் நம்ப வேண்டும்.

நான் போனதை விட்டுவிட்டு, மிச்சத்தை அன்ரிக்கு விளக்கினேன். “உன்ர சித்தப்பாவைக் காப்பாத்தப் பாக்கிறாய், பிள்ளை” என்று கன்னத்தைத் தட்டிவிட்டு, மூன்றாம் மாடிவரை செய்தி சொல்லப் போனார்.

சரி, அம்மாவுக்குக் காட்டினால் போதும் என்று முடிவு செய்தேன். மூன்றாம் சனி, அன்ரி வீட்டில் இருந்துகொண்டு வயிறு நோகிறது என்று பொய் சொல்லி அம்மாவை அங்கே வரவழைத்தேன். அம்மா டிவியைப் பார்த்தார். சித்தப்பா வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

“செத்த வீட்டுத் துடக்குக் கழிய முதல் மூணு கிழமையும் போயிருக்கான். வெட்கமில்லாதவன்.”

நான் கொண்டுவந்த சாட்சி அவருக்கு எதிராகவே திரும்பியது. அன்றிரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். டிவியில் சித்தப்பாவை எத்தனை தரம் காட்டினாலும் பயனில்லை. டிவியில் அவர் நிற்கும்போது அப்பாவின் கண் முன்னாலும் அவர் நிற்க வேண்டும். மிச்சம் இருந்தது ஒரே ஒரு சனி. நான் கதிரைமேல் ஏறி நின்ற சனி.

தெரிந்துதான் முடிவெடுத்தேன். நான் அகப்படுவேன், சத்தியம் மீறியது தெரியும், பெரியப்பாவைக் கொன்றது யார் என்றும் எல்லோருக்கும் தெரியவரும். பரவாயில்லை, சித்தப்பா வீட்டுக்கு வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதன் பிறகு எத்தனையோ பெரிய முடிவுகள் எடுத்திருக்கிறேன், வீடு வாங்கியிருக்கிறேன், வேலையை விட்டிருக்கிறேன். எதுவும் இந்த அளவுக்குப் பயத்தோடு எடுத்ததில்லை.

பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவில், நாங்கள் நானா என்று கூப்பிடும் காத்தான்குடி முஸ்லிம் ஒருவரின் பலசரக்குக் கடை இருந்தது. சித்தப்பா அவருடைய கடைக்கு மேலே ஒரு அறையில்தான் தங்கியிருந்தார். கடையில் ஐஸ் பெட்டிக்கு மேலே ஒரு சின்ன டிவி. நானாவிடம் முழுவதையும் சொன்னேன், பெரியப்பா விசயத்தைத் தவிர.

“அப்ப சனிக்கிழம நடக்கிறது சனிக்கிழம நடக்கிற இல்லையா, புள்ள?” என்று கேட்டார் நானா. அவர் முகத்தில் உண்மையான கவலை இருந்தது. “நானும் ஒவ்வொரு கிழமையும் மரவெட்டி வெல்லத் தொழுது துஆ கேக்கிறன்.”

சித்தப்பாவைக் கூப்பிட்டார். சித்தப்பா கேட்டுவிட்டு உடனே தலையாட்டினார், வேண்டாம் என்று.

“நாலாவதுல நீ கதிரையில ஏறி நிண்ட. உன்னைக் காட்டாம விடமாட்டானுகள்.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா?”

“ஓம்.”

“அண்ணன் வந்தா நான் பின்னுக்கு அரிசி அடுக்கிக்கொண்டு நிக்கிறன்” என்றார்.

அப்பா சனிக்கிழமைகளில் பதினொரு மணிக்குக் கடைக்குப் போவார். மணி பிசகமாட்டார், அப்படி ஒரு ஒழுங்கு. ஆகவே அவருடைய இடது பனிச் சப்பாத்தை எடுத்து, அடுப்புக்குக் கீழே இருக்கும் அவணுக்குள் சட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். எங்கள் அவணில் யாரும் எதையும் சுடுவதில்லை. அப்பா கட்டிலுக்கு அடியில் தேடினார், வெளி நடையில் தேடினார், கட்டடத்தில் கள்ளர் வந்துவிட்டார்கள் என்றார். ஒற்றைச் சப்பாத்தை எந்தக் கள்ளன் எடுப்பான் என்று அம்மா கேட்டார். ஒரு மணியானதும் சப்பாத்தைக் ‘கண்டுபிடித்து’க் கொடுத்து, நானும் வருகிறேன் என்று கூடவே இறங்கினேன்.

நாங்கள் போனபோது நிகழ்ச்சி பாதி ஓடிவிட்டது. “வாங்க தம்பி, இந்த அரிசிய ஒருக்காக் கையில எடுத்துப் பாருங்க” என்று நானா ஒரு சாக்கைத் திறந்து அப்பாவை டிவிக்கு நேர் கீழே நிறுத்தினார். மரவெட்டி வந்தான், சட்டையைக் கழற்றினான். பிரபு வந்தார், கிழவி குடையால் குத்தினார். கமெரா சனத்தின் பக்கம் திரும்பியது.

அப்பா சித்தப்பாவைக் கண்டார். கையில் இருந்த அரிசியைச் சாக்குக்குள் கொட்டினார்.

“நாலாம் கிழமையும்” என்று சொல்லிவிட்டு வாசல் பக்கம் திரும்பினார்.

நான் அவர் கோட்டுக் கையை இரண்டு கையாலும் பிடித்தேன். “போகாதீங்க அப்பா. பின்னால பாருங்க.”

சித்தப்பா தோளில் அரிசிச் சாக்கோடு உள்ளறையிலிருந்து வந்து நின்றார். டிவியில் எழும்பி நின்று கத்திக்கொண்டிருந்தார். இங்கே தலையெல்லாம் அரிசித் தூசியோடு பேசாமல் நின்றார். அப்பா மேலே பார்த்தார், இங்கே பார்த்தார், மறுபடி மேலே பார்த்தார். நானாவுக்கு விசயம் முன்னமே தெரியும். இருந்தும் அவர்தான் முதலில் வாயைப் பிளந்தார்.

அப்பா ஏதும் சொல்லுமுன் நான் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். அதைப் படம் சொல்ல விடக் கூடாது.

“அப்பா, இப்ப என்னையும் காட்டுவாங்க.”

காட்டினார்கள். அம்மாவின் சிவப்புச் சால்வை கழுத்தில் தொங்க, கதிரைமேல் நின்று, வாய் கிழியக் கத்துகிற ஒரு பெட்டைப்பிள்ளை. அவளுக்கு என்ன சந்தோசம். அந்தப் படம் இன்று உலகத்தில் எங்கும் இல்லை. ஒரு தரம், அந்த ஒரே தரம்தான் என்னை நான் அப்படிப் பார்த்தேன்.

அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு சித்தப்பாவிடம், “ஏன்டா சொல்லல்ல?” என்றார்.

“புள்ள தாய்ட தலையில சத்தியம் பண்ணியிருந்தாள், அண்ணன். எப்பிடிச் சொல்லுற?”

“நான் சத்தியத்த மீறிட்டன்” என்றேன். இனி நிறுத்த முடியவில்லை. “அதாலதான் பெரியப்பா செத்தவர். ஞாயித்துக்கிழமை நான் போனன், செவ்வாய்க்கிழமை அவர் செத்திட்டார்.”

சித்தப்பா சாக்கை இறக்கி வைத்தார். அப்பா அந்தச் சாக்குமேலேயே உட்கார்ந்தார். என்னை இழுத்து முழங்காலுக்கு நடுவில் நிறுத்தினார்.

“ஆர் மகள் சொன்ன செவ்வாய்க்கிழமை எண்டு? செவ்வாய்க்கிழமை செய்திதான் வந்தது. அங்க லைன் இல்ல. ஒராள் கொழும்புக்குப் போய்த்தான் எடுத்துச் சொன்னது. பெரியப்பா மோசம் போனது வியாழக்கிழமை. நீ ரெஸ்லிங்குக்குப் போக முதல்.”

செவ்வாயிலிருந்து எண்ணினால் அந்தச் சனிக்கிழமைக்கு எட்டு வராது. நான் எண்ணிப் பார்க்கவேயில்லை.

“ஞாயித்துக்கிழமை எங்கட கிச்சன்ல ஒருத்தனுக்குப் பிறந்தநாள்” என்றார் அப்பா. “கேக் வெட்டினாங்க. மூஞ்சியில பூசினாங்க. நானும் நிண்டு சிரிச்சன், மகள். அண்ணன அப்ப மண்ணுக்குள்ள வச்சு ரெண்டு நாள்.”

அப்போதுதான் அப்பா அழுதார். செய்தி வந்த நாளில் வராத அழுகை, நானாவின் கடையில் அரிசிச் சாக்குமேல் வந்தது. சித்தப்பா பக்கத்தில் குந்திக்கொண்டு அவர் முழங்காலைப் பிடித்தார். நானா கடைக் கதவைச் சாத்திப் பலகையைத் திருப்பிவிட்டார். நானும் அழுதேன், ஆனால் எனக்கு நெஞ்சு லேசாக இருந்தது. நான் யாரையும் கொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் அப்பா மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேலே பார்த்தார். பிரபு மரவெட்டியின் கழுத்தைக் கயிற்றில் வைத்து நெரித்துக்கொண்டிருந்தார்.

“உவன்தானா உன்னோட மெத்தை செய்யிறவன்?”

“ஓம் அண்ணன். நல்ல மனுசன்.”

“சத்தத்தக் கொஞ்சம் கூட்டுங்க, நானா” என்றார் அப்பா. பிறகு, “ஆர்டா வெல்லுற?”

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் முடிவு தெரியும்.

“பாருங்க அண்ணன்” என்றார் சித்தப்பா.

அப்பா பார்த்தார். கடைசியில் எழும்பியே நின்றுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அம்மா தன் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, “அது கிடக்கிற இடத்திலதான் கிடக்கு. போய் மூஞ்சியக் கழுவு” என்றார். அன்று பின்னேரம் சித்தப்பாவின் பை மீண்டும் ஹாலுக்கு வந்தது. அன்ரி ஒரு சட்டி உழுத்தங்கஞ்சியோடு வந்து, ஒன்றும் நடக்காததுபோல நலம் விசாரித்தார். அவரை நான் மன்னிக்கப் பல வருடம் எடுத்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த மாணவியின் மூன்று வரிகளில் உள்ள பிழைகளுக்கு வருகிறேன். நிகழ்ச்சி நேரடியாக ஒளிபரப்பானது என்று எழுதியிருக்கிறாள். இல்லை. நிகழ்ச்சி நிற்கும்வரை பட்டி பிரபுவிடமே இருந்தது என்று எழுதியிருக்கிறாள். அதுவும் இல்லை. அன்று மரவெட்டி வென்றான். பிரபு தன் கண்ணாடியை எடுத்து அடிக்க ஓங்க, கிழவி குடைப் பிடியைக் கயிற்றுக்குள்ளால் விட்டு அவர் காலைக் கொழுவி இழுத்தார். குப்புற விழுந்தவர் எழும்பவில்லை.

சாட்சி கேட்டாள், கொடுத்திருக்கிறேன். யூனியன்வில்லில் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் சித்தப்பாவின் தொலைபேசி இலக்கத்தை அவரிடம் கேட்டுவிட்டு அனுப்பினேன். அப்பா இப்போது வோபர்னில் என்னோடு இருக்கிறார். பல பெயர்கள் அவருக்கு மறந்துவிட்டன, சில நாள் என்னையும் அம்மா என்று கூப்பிடுவார். போன கிழமை அவர் பக்கத்தில் இருந்து, அன்றைக்கு நானாவின் கடையில் யார் வென்றது என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை.

“மரவெட்டி” என்றார் அப்பா. “அந்த நேரம் நடக்கக்குள்ள நான் என்ட கண்ணால கண்டன்.”

அதை அப்படியே, ஒரு சொல் மாற்றாமல், எழுதி அனுப்பிவிட்டேன்.